மழை பெய்தால் உன் கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

1

வருஷம் முழுக்கக் குரலை உயர்த்தாமல் பேசுகிற டச்சுக்காரர்களுக்கு டிசம்பர் கடைசியில் என்னமோ ஆகிவிடும். புது வருஷம் பிறக்கும்போது ஆளாளுக்கு வாசலில் நின்று பட்டாசு வெடிப்பார்கள். அதற்காக வருஷக் கடைசியில் சில நாட்கள் மட்டும் பட்டாசு விற்க அனுமதி உண்டு. விற்பது யார் என்கிறீர்கள்? எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடைக்காரர். டயரையும் மணியையும் உள்ளே தள்ளிவிட்டு அதே கல்லாவில் ராக்கெட் விற்பார். சிவகாசிக் கம்பெனிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி, சைக்கிள் கடை வாசலில் குளிரில் விறைத்துக்கொண்டு பட்டாசுக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது, பாருங்கள்!

இந்த வருஷமும் நின்றேன். பக்கத்தில் என் மகள் நிலா. பன்னிரண்டு வயது. முன்கூட்டியே ஆர்டர் கொடுத்து, அதற்கான சீட்டையும் கையில் வைத்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் சீட்டைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"தரைச்சக்கரம் தீர்ந்துவிட்டது" என்றாள்.

"பரவாயில்லை. அதற்குப் பதில் புஸ்வாணம் கொடுங்கள்" என்றேன்.

"முடியாது. ஆர்டரில் இருப்பதும் கொடுப்பதும் ஒன்றாக இருந்தால்தான் கம்ப்யூட்டர் விடும்."

"பின்னால் அலமாரி நிறையப் புஸ்வாணம் இருக்கிறதே?"

"இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் விடாது."

நான் சிரித்துவிட்டேன். லேசாக இல்லை, விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் சிரிக்கிற சிரிப்பு. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நிலா என் கோட்டைப் பிடித்து இழுத்து, "அம்மா, ப்ளீஸ்!" என்று பல்லைக் கடித்தாள். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எங்கள் கம்பெனியில் கேட்ட அதே வசனத்தை அந்தப் பெண் ஓர் எழுத்து மாறாமல் டச்சில் சொல்கிறாள், நான் சிரிக்காமல் என்ன செய்வேன்? ஏன் சிரித்தேன் என்று கவுண்டரில் நின்று சொல்ல முடியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

2

நானும் என் வீட்டுக்காரரும் நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரத்தில் குடியேறி ஏழெட்டு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் பெயர் பதியப் போனபோது, "ஊரில் உங்கள் குடும்பத்துக்கு என்ன தொழில்?" என்று பேச்சுவாக்கில் கேட்டார்கள். அகராதியில் தேடி வைத்திருந்த டச்சுச் சொல்லைப் பெருமையாகச் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு வெடிகுண்டு என்று அர்த்தமாம். நாங்கள் மூன்று தலைமுறையாக வெடிகுண்டு செய்கிறோம் என்று ஓர் அரசாங்க அலுவலகத்தில் சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறேன்! மேலதிகாரி வந்து, அவருக்கும் மேலதிகாரி வந்து, என் வீட்டுக்காரர் தாளில் ராக்கெட் படம் வரைந்து காட்டிய பிறகுதான் விட்டார்கள். அன்றைக்கு அவர் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவு சிரிப்பு.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தொழில். ஒரு நிறுவனத்தில் வருகிற ஆர்டர், இருக்கிற சரக்கு, போகிற சரக்கு என எல்லாத் தகவலையும் ஒழுங்காக வைத்துத் தருகிற கம்ப்யூட்டர் ஏற்பாடுகளைக் கட்டிக் கொடுப்பது. தொழில் ஒன்று, மார்க்கம் வேறு. சைவ வைணவச் சண்டை மாதிரி எங்கள் வீட்டில் அது ஓயாது.

அவருடைய மார்க்கம் வீடு கட்டுகிற மார்க்கம். முதலில் எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்பார். கேட்டதை எல்லாம் எழுதுவார். எழுதியதில் கையெழுத்து வாங்குவார். வரைபடம் போடுவார். அதற்கப்புறம் கட்டுவார். கட்டி முடித்து ஒரேயடியாகக் கிரகப்பிரவேசம். நடுவில் யாராவது வந்து "இந்தச் சன்னலை அங்கே வைக்கலாமா?" என்று கேட்டால் கையெழுத்தைக் காட்டுவார்.

என்னுடையது குழம்பு வைக்கிற மார்க்கம். கொஞ்சம் வைத்து ஒரு சொட்டு உள்ளங்கையில் ஊற்றிக் கொடுப்பேன். உப்புக் குறைவு என்பார்கள், போடுவேன். புளி கூடிப்போச்சு என்பார்கள், தண்ணீர் விடுவேன். "உனக்குத் திட்டமே கிடையாது மகேசு" என்பது அவர் குற்றச்சாட்டு. "நீங்கள் கட்டினதில் யாரும் குடியேறினதே கிடையாது" என்பது என் பதில். மூன்றாவதாக ஒரு மார்க்கமும் உண்டு. கடையில் ரெடிமேட் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு கை நீளமாக இருந்தால் மடித்து விட்டுக்கொள்வது.

நிலா எங்கள் சண்டை எதையும் காதில் வாங்க மாட்டாள். நாங்கள் தமிழில் சண்டை போடுவோம், அவள் டச்சில் கதவைச் சாத்துவாள். ஊர்ப் பேச்சை எடுத்தாலே, "அங்கே எல்லாமே தூசியும் சத்தமும்" என்பாள். வருத்தமாகத்தான் இருக்கும். என்ன செய்ய, அவள் பார்த்த ஊர் இதுதான்.

3

எங்கள் குடும்பக் கம்பெனிக்கு விஸ்வநத்தத்தில் ஒரு பேக்டரி, அதை விட்டுத் தள்ளி இன்னொரு பேக்டரி. சரக்கு அனுப்பும் ஆபீஸ் சிவகாசியில். அதற்குப் பின்னாலேயே லாரிகள் வந்து நிற்கிற ஷெட். வீடு விருதுநகரில். அப்பா காலமான பிறகு, அவர் பார்த்துவந்த முதல் பேக்டரியின் சரக்கு அனுப்பும் வேலை முழுவதையும் எடுத்து நடத்தியது என் அக்கா தங்கம். கல்யாணம் ஆகி, சிவகாசியிலேயே இருந்து, இரண்டு பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, காலையில் லாரி சத்தம் கேட்டதும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஷெட்டில் நிற்பாள். நாக்பூர், பாட்னா, இந்தூர் என்று எந்த ஊர் வியாபாரி என்ன வாங்குவான், எதற்கு முகம் சுளிப்பான் என்பதெல்லாம் அவள் மண்டைக்குள் இருக்கும்.

கம்பெனிக்குத் தலைவரான பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் லோடுமேன்களுக்கு நடுவில் வீட்டுப் பொம்பளை நிற்பதாவது என்று ஓர் எண்ணம். தன் மகளை மதுரையில் கட்டிக்கொடுத்த மருமகனைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

ஆர்டர் பெருகிப்போய்க் கைச்சீட்டில் சமாளிக்க முடியாமல் ஆனபோது, பெரியப்பா முதலில் ரெடிமேட் சட்டைதான் வாங்கினார். மளிகைக் கடைக்கு என்று செய்த சாஃப்ட்வேர். அணுகுண்டுக்கும் ஊசிப்பட்டாசுக்கும் எத்தனை நாளில் கெட்டுப்போகும் என்று தேதி கேட்டது. தேதி கொடுக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. பில் போடும் செல்வி எரிச்சலில் எல்லாச் சரக்குக்கும் தன் கல்யாணத் தேதியையே போட்டு வைத்திருந்தாள்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர், "நான் முறையாகச் செய்து தருகிறேன்" என்று முன்வந்தார். 2005 கோடை விடுமுறையில் ஊருக்குப் போனோம். ஆபீஸில் கூட்டம் போட்டார். மிக்சரும் காபியும் வந்தன. செல்வி தலை நிறையப் பூ வைத்து வந்தாள். லோடு மேஸ்திரி சங்கிலி, மல்லாங்கிணற்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற மனிதர், துவைத்த வெள்ளைச் சட்டையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். இவர் நோட்டையும் பேனாவையும் எடுத்து, "ஆர்டர் வந்ததிலிருந்து லோடு போகிற வரைக்கும் என்னென்ன நடக்கும், ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றார்.

"ஆர்டர் வரும். ஆர்டர்ல என்ன இருக்கோ அத ஏத்துவோம். லாரி போயிரும்" என்றார் சங்கிலி மேஸ்திரி.

"அவ்வளவுதானா?"

"அம்புட்டுத்தான் மாப்பிள" என்றார் பெரியப்பா.

அக்காகூடத் தலையாட்டினாள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். "இவ்வளவு தெளிவாகப் பேசுகிற ஆட்களை நான் ஐரோப்பாவிலேயே பார்த்ததில்லை" என்றார். விமானத்தில் வரும்போதே வரைபடம் போட ஆரம்பித்தார்.

4

அடுத்த ஆடிப்பெருக்குக்குள் முடித்துவிட்டார். அதைச் சொல்லியாக வேண்டும், சொன்ன நாளுக்கு முடிக்கிற மனிதர் அவர். ஆடிப்பெருக்கு எங்கள் பக்கத்தில் சீசனுக்குப் பிள்ளையார் சுழி. அன்றைக்குத்தான் பூஜை போட்டுப் புது விலைப்பட்டியலை வெளியிடுவார்கள். கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்களாம். முதல் லோடு சொன்னபடி போனது. இரண்டாவது, மூன்றாவது எல்லாம் போனது. இவர் ஐந்தோவனில் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

அப்புறம் ஒரு சாயங்காலம் சிவகாசியில் மழை பெய்தது.

மழை பெய்தால் சரக்கு காயாது. வெயிலில் பரப்பிக் காயவைக்கிற சக்கரமும் புஸ்வாணமும் நமுத்துப்போய்க் கிடக்கும். லாரியோ வந்து நிற்கும். அந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? காலங்காலமாகச் செய்வதைத்தான். சக்கரத்துக்குப் பதில் வேறொன்றை ஏற்றி, அந்த ஊர் வியாபாரிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவார்கள். அதற்கு மாத்துச் சரக்கு என்று பேர். செல்வியும் அதைத்தான் கம்ப்யூட்டரில் போட்டாள். கம்ப்யூட்டர் மணி அடித்து, ஆர்டரும் லோடும் ஒன்றாக இல்லை என்று சொல்லிவிட்டு லோடு சீட்டு தராமல் உட்கார்ந்துகொண்டது.

அக்கா ஐந்தோவனுக்குப் போன் போட்டாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, லாரி நிக்குது. சீட்டு வர மாட்டேங்குது."

"மதினி, பழைய ஆர்டரை ரத்துப் பண்ணிட்டு, பார்ட்டிகிட்டப் புது ஆர்டர் எழுதி வாங்கி, அத உள்ள ஏத்துங்க. அப்ப வரும். நீங்க கையெழுத்துப் போட்ட டாக்குமெண்ட்ல இருக்கு."

"தம்பி, பார்ட்டி நாக்பூர்ல இருக்காக. டிரைவர் இங்கன என் முன்னாடி நிக்கான். மழ பெஞ்சா ஒங்க கம்ப்யூட்டர் என்ன செய்யும்? அத மட்டும் சொல்லுங்க."

இவர் டாக்குமெண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மழை என்கிற சொல்லே அந்த டாக்குமெண்டில் கிடையாது.

அந்த சீசன் போன போக்கைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. பாதி லோடு கம்ப்யூட்டரில், பாதி கைச்சீட்டில். இந்தூருக்குப் போக வேண்டியது பாட்னாவுக்குப் போனது. பாட்னாக்காரர் ஒரு லாரிச் சரக்கைத் திருப்பியே அனுப்பிவிட்டார். தீபாவளி முடிந்ததும் பெரியப்பா அக்காவைக் கூப்பிட்டு, "தங்கம், ஒன்னையக் குத்தம் சொல்லல. ஆனா இன்னும் ஒரு சீசன்தான். அதுலயும் லோடு முட்டுச்சுன்னா ஆபீஸ் சாவிய மருமகன் கையில கொடுத்துரு" என்று சொல்லிவிட்டார்.

அக்கா என்னிடம் அழுதாள். அப்பா செத்தபோதுகூட எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தவள் அவள். போனில் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. போனை வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம், "இந்தத் தடவை என் குழம்பு. நீங்கள் அடுப்படிப் பக்கமே வரக்கூடாது" என்றேன்.

5

2007 ஆனியிலேயே நிலாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆபீஸில் சம்பளமில்லாத விடுப்பு. அதற்கு அந்த ஊரில் எத்தனை மேசைகளைச் சுற்ற வேண்டியிருந்தது என்பது தனிப் புராணம், அதை விடுங்கள்.

போனதும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரை ஏசி ரூமிலிருந்து கிளப்பினேன். ஷெட்டில், சரக்கு ஏற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில், மேசை போட்டு வைத்தேன். நோட்டும் பேனாவும் கையில் எடுப்பதில்லை என்று சபதம். யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தெரிந்த மட்டும் ஒரு பக்கத்தைச் செய்து, சாயங்காலம் டீயும் வடையும் வருகிற நேரத்தில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். வேண்டுமென்றே தப்பாக.

முதல் நாள் காட்டியது, சரக்கை அகர வரிசையில் லாரியில் ஏற்றச் சொன்னது. சங்கிலி மேஸ்திரி பார்த்தார். வடையைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்துவிட்டார்.

"ஏந்தாயி, பேர் வரிசையிலயா ஏத்துவாக? கம்பி மத்தாப்புப் பொட்டி என்ன கனம் கனக்கும்! அத மேல வச்சா கீள உள்ள புஸ்வாணம் நசுங்கி அப்பளமாப் போயிரும்ல!"

"அப்படியா மேஸ்திரி? எனக்கு என்ன தெரியும்?"

"நெதர்லாந்துல போய் இதத்தான் படிச்சீகளாக்கும்!"

மறுநாள் கனமானது கீழே வந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு களை. திட்டினால் மாறுகிறது என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்கப்புறம் தினமும் டீ நேரம் எனக்குத் திட்டு நேரம். "இந்த எழுத்து எறும்பு மாதிரி இருக்கு", "இது கொல்லம் போற லாரி, கோயம்புத்தூர்னு காட்டுது", "இத எவன் செஞ்சான்?" என்று ஆளாளுக்குப் பிடித்து உலுக்கினார்கள். நான் அத்தனையையும் சிரித்துக்கொண்டே வாங்கி, மறுநாள் காலையில் திருத்தி வைப்பேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக யாரிடமும் வசவு வாங்கியதில்லை.

நான் காத்திருந்தது ஒரு திட்டுக்காக. ஒருநாள் சாயங்காலம், சக்கரம் இல்லாவிட்டால் லாரியை நிறுத்து என்று பழைய கம்ப்யூட்டர் சொன்னதையே என் பக்கத்திலும் போட்டுக் காட்டினேன். செல்வி டம்ளரை நங்கென்று வைத்தாள்.

"மறுபடியுமா? அப்ப மழ பெஞ்சா என்ன செய்வீக? எங்க அக்காவ வீட்டுக்கு அனுப்பிருவீகளா?"

"மழை பெய்தால் என்ன ஆகும்?" என்றேன், ஒன்றும் தெரியாதவளாக.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. சக்கரம் காயாவிட்டால் எதை ஏற்றலாம், எதை ஏற்றக் கூடாது என்று ஒரே சத்தம். ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் எல்லார் தலையும் அக்கா பக்கம் திரும்பியது. அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பொழிந்து தள்ளினாள். "நாக்பூர்க்காரர் சக்கரத்துக்குப் பதிலா புஸ்வாணம் வாங்குவாக, பென்சில் மத்தாப்பு கொடுத்தா சண்டைக்கு வருவாக. பாட்னாவுக்குச் சரவெடி எம்புட்டு வேணாலும் ஏத்து, கேக்க மாட்டாக. இந்தூருக்கு மாத்தே ஆகாது, லாரி நின்னாலும் நிக்கட்டும்." ஒவ்வொரு ஊருக்கும், ஒவ்வொரு சரக்குக்கும் இப்படி ஒரு கணக்கு. சங்கிலி மேஸ்திரியே வாயைப் பிளந்துவிட்டார்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "இதையெல்லாம் முதலில் அவர் கேட்டபோது ஏன் சொல்லலை?"

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அடி மகேசு, தம்பி பேனாவும் நோட்டும் வச்சிக்கிட்டுல்ல கேட்டாக? நம்ம ஊர்ல பேனாவோட ஒருத்தர் வந்து எப்படி நடக்குதுன்னு கேட்டா யாரா இருக்கும்? சூலக்கரை கலெக்டர் ஆபீஸ்லருந்து ஆபீசர் வந்திருப்பாக, இல்ல இன்ஸ்பெக்டர் வந்திருப்பாக. ரூல்படி நடக்குன்னுதான வாயில வரும்? சின்னப்புள்ளைலருந்து அப்படியே பளகிப்போச்சு. பொய் சொல்லணும்னு சொல்லல. பேனாவப் பாத்ததும் தானா வந்துருச்சு."

ஷெட்டே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். இவர் எழுதியது எங்கள் கம்பெனியைப் பற்றிய டாக்குமெண்ட் இல்லை. ஆபீசர் வந்தால் எங்கள் கம்பெனி எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றியது. அதில் ஒரு எழுத்துப் பிழைகூடக் கிடையாது!

6

ஆனால் எங்கே ஜெயித்தேன் என்று மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. அவருக்கும் ஓர் இடத்தில் பங்கு உண்டு.

லோடு பக்கம் முடிந்ததும் சரக்கு ரூம் பக்கத்துக்கு வந்தேன். எந்த ரூமில் எவ்வளவு பட்டாசு வைக்கலாம் என்று லைசென்ஸில் ஓர் அளவு இருக்கும். அதைத் தாண்டினால் வம்பு காகிதத்தோடு நிற்காது. நான் இதிலும் வழக்கம்போல ஓர் அளவைத் தப்பாகப் போட்டு டீ நேரத்தில் காட்டினேன். யாரும் திட்டவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. சங்கிலி மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தார்.

"தாயி, இதுல மட்டும் வெளாட்டு வேணாம்" என்றார், மெதுவாக.

எனக்குச் சுருக்கென்றது. இந்த ஊர்ப் பிள்ளையான எனக்கு இதைச் சொல்லவா வேண்டும்? மருந்து கலக்கிற ரூமில் யாராவது கொஞ்சம் கலந்து பார்த்து, சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம் என்பார்களா? அங்கே எழுதியது எழுதியபடிதான். முதலில் விதி, அப்புறம்தான் கை. குழம்பு மார்க்கத்துக்கு அந்த வாசலுக்குள் இடமில்லை.

அன்றைக்கே ஐந்தோவனுக்குப் போன் போட்டேன். "ஏங்க, உங்க டாக்குமெண்ட்ல லைசென்ஸைப் பார்த்து எழுதின சரக்கு ரூம் கணக்கு இருக்குல்ல?"

"இருக்கு. அதுவும் தப்பா?" என்றார் பாவம், ஒடுங்கின குரலில்.

"இல்லை. லைசென்ஸோட ஒத்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. அதை அப்படியே எடுத்துப் போடுறேன். யாரும் மாத்த முடியாதபடி பூட்டிக் கொடுங்க."

"பூட்டுறதுதான் எனக்கு நல்லா வருமே" என்றார். எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி அவர் மீசை முறுக்குகிற சத்தம் கேட்டது எனக்கு.

இதற்குள் நிலாவைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் வாரம் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் செல்விக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பெரியம்மா லாரி டிரைவர்களை வாங்குகிற வாங்கைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் என்னிடம் வந்து டச்சில், "பெரியம்மாவுக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள், ஆனால் எல்லாருக்கும் அவளைப் பிடித்திருக்கிறது, எப்படி?" என்று கேட்டாள். "கூட இருந்து பார்" என்றேன்.

7

ஆடிப்பெருக்கு பூஜை முடிந்து, நாங்கள் ஐந்தோவன் திரும்பி, ஆவணியும் புரட்டாசியும் கழிந்தன. லோடுகள் ஒழுங்காகப் போயின. ஆனால் உண்மையான பரீட்சை ஐப்பசியில் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், பெரியப்பாவுக்கும் தெரியும். மதுரை மருமகன் தீபாவளிக்கு முந்திய வாரமே பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார் என்று அம்மா போனில் சொன்னாள்.

வந்தது மழை. அடைமழை. வரிசையாக லாரிகள். காயவைத்த தளமெல்லாம் தண்ணீர்.

நான் அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். போன் அடித்தது, அக்கா. டச்சுக்காரர்கள் கூட்டத்தில் போன் எடுப்பது மகா பாவம். எடுத்துவிட்டேன்.

"மகேசு, பேசாத. இதக் கேளு" என்றாள் அக்கா.

போனை எதற்கோ பக்கத்தில் வைத்தாள். முதலில் மழைச் சத்தம். அதற்கு மேலே கர்ர்ர், கர்ர்ர் என்று ஒரு சத்தம். எங்கள் ஷெட்டில் இருக்கிற பழைய பிரிண்டர்! லோடு சீட்டு அடித்துக்கொண்டிருந்தது. ஒன்று முடிந்தது, காகிதம் கிழிகிற சத்தம், மறுபடியும் கர்ர்ர். "நாக்பூர், மாத்து புஸ்வாணம், போகலாம்!" என்று செல்வி கத்துகிறாள். "பாட்னா, மாத்து சரம், போகலாம்! இந்தூர், மாத்து இல்ல, நிக்கட்டும்!" சங்கிலி மேஸ்திரி விசில் அடிக்கிறார். லாரி எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்புகிறது.

ஐயோ, அந்தச் சத்தம்! உலகத்தில் எந்த நாதஸ்வரமும் எனக்கு அப்படி இனித்ததில்லை. கூட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும் கண்ணீர் கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை. மேலாளர் எழுந்து வந்து, "கெட்ட செய்தியா?" என்று கேட்டார். "இல்லை, மழை பெய்கிறது" என்றேன். பாவம், ஒன்றும் புரியாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தீபாவளி முடிந்து கம்பெனியில் எல்லாரும் கூடினார்கள். பெரியப்பா முன்னால் அக்கா சாவியை வைத்தாளாம். எடுத்துக்கொள்ளச் சொல்லி இல்லை, அவர் முடிவைச் சொல்லட்டும் என்று. பெரியப்பா சாவியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மருமகனைப் பார்த்தார். மருமகன் நல்ல மனிதர், அவரே முந்திக்கொண்டு, "மாமா, அந்த மழையில நான் நின்னிருந்தா ஓடியே போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டார். பெரியப்பா தொண்டையைச் செருமினார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது கோடை மழை மாதிரி. வரவில்லை. எழுந்துபோய் இன்னொரு சாவியைக் கொண்டுவந்து அக்கா சாவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தங்கம், ரெண்டாவது பேக்டரிச் சரக்கையும் அந்தக் கம்ப்யூட்டர்ப் பொட்டியில ஏத்திரு. நீயே பாத்துக்க."

அன்றிலிருந்து இரண்டு பேக்டரிக்கும் அவள்தான். இரண்டு சீசன் ஆகிவிட்டது. இப்போதும் ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் அக்கா போன் செய்து, "ஏதாச்சும் தப்பாச் செஞ்சு அனுப்பு, திட்டுதோம்" என்பாள்.

8

சைக்கிள் கடையில் என்ன ஆனது என்று கேட்பீர்கள்.

என் சிரிப்புச் சத்தம் கேட்டுக் கடைக்காரரே உள்ளேயிருந்து வந்துவிட்டார். உயரமான மனிதர், காலையிலிருந்து இதே சண்டையில் களைத்துப்போயிருந்தார். வரிசையில் பாதிப் பேர் ஏதோ ஒன்று தீர்ந்துபோய் முறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் என் டச்சில் விளக்க ஆரம்பித்தேன். ஆர்டர், மழை, லாரி, நாக்பூர் எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தது. அவர் விழித்தார். முன்னொரு காலத்தில் நான் சொன்ன வெடிகுண்டு மறுபடியும் வந்துவிடுமோ என்று எனக்கே பயம்.

அப்போதுதான் நிலா என் முன்னால் வந்து நின்றாள். நான் கேட்கவில்லை, அவளாக வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். அந்த நிற்கிற தோரணையை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று எனக்குத் தோன்றியது. சரளமான டச்சில் கடைக்காரரைப் பார்த்துச் சொன்னாள்:

"எங்கள் பெரியம்மா இந்தியாவில் பட்டாசுக் கம்பெனி முதலாளி. இரண்டு பேக்டரி. அவர் கம்ப்யூட்டருக்கு எதற்குப் பதில் எதைக் கொடுக்கலாம் என்று தெரியும். உங்கள் கம்ப்யூட்டரைச் செய்தவர், ஒன்று தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று உங்களிடம் கேட்கவே இல்லையா?"

டச்சு வாக்கியத்துக்கு நடுவில் பெரியம்மா என்று தமிழிலேயே சொன்னாள். அதற்கு டச்சில் சொல் தேடவில்லை.

கடைக்காரர் அவளைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "கேட்டார்கள். ஒன்றும் தீராது என்று சொல்லிவிட்டேன்" என்றார், தலையைச் சொறிந்துகொண்டு. பிறகு பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, என் சீட்டில் சக்கரத்தை அடித்துவிட்டுப் புஸ்வாணம் என்று எழுதிக் கொடுத்தார். பின்னால் நின்ற சனம் கை தட்டியது.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். நிலா இடையிடையே போனைப் பிடுங்கி, தெரிந்த தமிழில் விட்டதைச் சேர்த்தாள். அக்கா பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் தொழில் குரலில், "கடைசியா எதுக்குப் பதிலா எதக் கொடுத்தாக?" என்று கேட்டாள்.

"சக்கரத்துக்குப் பதிலா புஸ்வாணம்."

அக்கா யோசித்தாள்.

"சரியாத்தான் கொடுத்திருக்காக" என்றாள். "அந்த மனுசனுக்கு வேல வேணும்னா இங்கன அனுப்பி வையி. ஆடிக்குள்ள வரச் சொல்லு."